மூணு சுழியும் டண்ணகரமும்

(சென்னீர்குப்பத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தம் தாயார் நினைவாக இந்த அறக்கட்டளையை ஏற்படுத்தியவர் என்னை அழைக்க வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார். "ஐயா, மொழியியல் மொழியியல்னு பெரிசா பேசறாங்களே, அது வகுப்புல நிக்கிற வாத்தியாருக்கு எதுக்காவது ஆகுமா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்." இதைவிட நல்ல தலைப்பை எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குத் தந்ததில்லை. நான் அம்பத்தூருக்கும் திருமழிசைக்கும் இடையில் பல பள்ளிகளில் 34 ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தவன். அதில் முதல் 15 ஆண்டு மொழியியல் என்றால் என்னவென்றே தெரியாது. நாற்பது வயதை நெருங்கும்போது அஞ்சல் வழியில் படித்தேன். படித்ததற்கு முன்பும் பின்பும் வகுப்பு எப்படி இருந்தது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

ஊரின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். ஆவடி சாலையில் பேருந்தைவிட்டு இறங்கி இந்த மண்டபத்துக்கு நடந்து வந்த தூரத்துக்குள் இந்த ஊர்ப் பெயரை மூன்று விதமாகப் படித்தேன். கடைப் பலகையில் சென்னீர்குப்பம். சுவரொட்டியில் சென்னீர்க்குப்பம். ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனரில் செந்நீர்குப்பம். எது சரி?

நன்னூல் படித்தவரைக் கேட்டால், செம்மையும் நீரும் சேர்ந்தால் செந்நீர், அதோடு குப்பம் சேர்ந்தால் நடுவில் ஒரு 'க்' வரவேண்டும் என்பார். வெம்மையும் நீரும் வெந்நீர் ஆனதுபோல. ஆனால் இதே நீர் 'தண்' என்பதோடு சேரும்போது தண்ணீர். பனியோடு சேரும்போது பன்னீர். ஒரே நீர் மூன்று இடத்தில் மூன்று எழுத்தைப் போட்டுக்கொள்கிறது. இப்போது இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தண்ணீர் தனியாகக் கேட்கும். வெந்நீரும் பன்னீரும்? இரண்டிலும் நாக்கு ஒரே இடத்தைத்தான் தொடுகிறது. நானும் அப்படித்தான் சொல்கிறேன், நீங்களும் அப்படித்தான் சொல்கிறீர்கள், தமிழாசிரியர் கழகத்துத் தலைவரும் அப்படித்தான் சொல்வார். தமிழ்நாட்டின் பேச்சில் தந்நகரமும் (ந) றன்னகரமும் (ன) ஒன்றாகிப் பல காலம் ஆகிறது. எழுத்து இரண்டு, ஒலி ஒன்று.

பக்கத்து டீக்கடையில் மலையாளி நண்பர் இருந்தால் அவரிடம் போய்க் கேளுங்கள். அவர் வாயில் இந்த இரண்டும் வேறுவேறாகவே இன்னும் இருக்கின்றன. ஆனால் அவருடைய எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான்! எழுத்தும் ஒலியும் எங்குமே கைகோத்துக்கொண்டு நடப்பதில்லை. கடைப் பலகை எழுதிய பையன் தப்புச் செய்தான் என்று சொல்வதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். அவன் கண்ணுக்கு இலக்கணம் தெரியாது, ஆனால் காதுக்குக் கேட்டதைச் சரியாகவே எழுதினான்.

மொழியியல் எனக்குக் கொடுத்த முதல் பாடம் இதுதான். எந்தப் பிழையையும் திருத்துமுன் அதைக் காதால் கேட்கப் பழகு.

வகுப்பில் நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? "ரெண்டு சுழி ன, மூணு சுழி ண." நானும் அப்படித்தான் சொன்னேன். "சின்ன ர, பெரிய ற." சுழியை எண்ணு, எழுத்தைக் கண்டுபிடி. ஆனால் பழைய திண்ணைப் பள்ளி வாத்தியார்கள் சுழி எண்ணவில்லை. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்றார்கள். 'ட' பிறக்கிற இடத்தில் பிறக்கும் ண, 'த' பிறக்கிற இடத்தில் பிறக்கும் ந, 'ற' பிறக்கிற இடத்தில் பிறக்கும் ன. பெயருக்குள்ளேயே நாக்கின் முகவரி இருக்கிறது. மேல்நாட்டு ஒலியியலார் பட்டியல் போட்டுக் காட்டுவதை நம் வாத்தியார் ஒரு பெயரில் முடித்துவிட்டார். நாம் அதை விட்டுவிட்டுச் சுழிக்குப் போனோம். வாய்க்குரிய பெயர் போய்க் கண்ணுக்குரிய பெயர் வந்தது. விளைவு, 'பண்டம்' என்ற சொல்லில் எந்த ண என்று கேட்டால் பிள்ளை யோசிக்கிறது. 'ட'வுக்கு முன்னால் டண்ணகரம்தான் வரும், 'த'வுக்கு முன்னால் தந்நகரம்தான் வரும், 'ற'வுக்கு முன்னால் றன்னகரம்தான் வரும் என்று தெரிந்த பிள்ளை யோசிக்கவே வேண்டாம். பண்டம், பந்தம், பன்றி. நாக்கே எழுதிவிடும்.

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று தனியாக ஓர் இயலே வைத்தார். நாம் அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற பகுதியாக்கிவிட்டோம். அதை எடுத்துவைத்துக்கொண்டு வகுப்பில் வேலை செய்யலாம் என்று எனக்கு நாற்பது வயதுவரை தோன்றவில்லை. ஓர் எடுத்துக்காட்டு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பயன்பட்டது.

பழம் என்பதைப் 'பளம்' என்று சொல்லும் பிள்ளையை என்ன செய்வீர்கள்? நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். "பளம் இல்லடா, பழம். சொல்லு. பழம்." அவன் 'பளம்' என்பான். நான் இன்னும் உரக்கச் சொல்வேன். அவனும் உரக்கப் 'பளம்' என்பான். இப்படி 15 வருடம். ல, ள, ழ என்று மூன்றையும் ஒரே குடும்பமாக வரிசையாகச் சொல்லிக்கொடுத்து வந்ததால், ளகரத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ழகரம் வந்துவிடும் என்று அவன் நம்பினான். நானும் நம்பினேன்.

பிறப்பியலைத் திறந்தால் தொல்காப்பியர் வேறு மாதிரி கூட்டுச் சேர்க்கிறார். லகரமும் ளகரமும் ஒரு கூட்டு, நாக்கின் ஓரம் தடித்துப் பிறப்பவை. ரகரமும் ழகரமும் இன்னொரு கூட்டு, நுனிநாக்கு மேலே எழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பவை. ழகரம் ளவுக்குப் பங்காளி இல்லை, ரவுக்குப் பங்காளி! இன்றைய ஒலியியலும் இதையேதான் சொல்கிறது. ள சொல்லும்போது நாக்கு மேலே ஒட்டிக்கொள்ள, காற்று இரு ஓரங்களாலும் போகிறது. ழ சொல்லும்போது நாக்கு எங்கும் ஒட்டுவதில்லை, காற்று நடுவில் போகிறது. அன்றிலிருந்து நான் ளகரத்திலிருந்து ழகரத்துக்குப் போவதை விட்டேன். "ர்ர்ர் என்று இழு. இழுத்துக்கொண்டே நாக்கைப் பின்னால் மடி. எங்கேயும் ஒட்டாதே." முதல் நாளே ஐந்தாறு பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. ஒருவன் பெருமையாக 'வாழை, கோழி, பழம், பள்ழி' என்றான். அந்தக் கடைசியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி நோட்டுக்கு வருவோம். சொல்வதெழுதுதல். எத்தனை ஆயிரம் நோட்டுகளில் சிவப்பு மை போட்டிருப்பேன்! 'காத்து அடித்தது' என்று எழுதியிருப்பான், சுழிப்பேன். 'மழைக்குக் கொடை பிடித்தான்' என்று எழுதியிருப்பான், வகுப்பில் படித்துக் காட்டிச் சிரிக்கவைப்பேன். மழைக்குக் கொடை கொடுத்தவன் பாரியாடா என்று. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் அவன் எழுதியதில் ஒரு தப்பும் கண்டபடி வரவில்லை. குடை பேச்சில் கொடை. குடம் கொடம். இடம் எடம். இலை எல. உடம்பு ஒடம்பு. ஆனால் குடி குடிதான், கிளி கிளிதான், புலி புலிதான். அவற்றை யாரும் 'கொடி', 'கெளி', 'பொலி' என்று சொல்வதில்லை. முதல் அசையில் குறில் இகரமோ உகரமோ இருந்து, ஒற்றை மெய்க்குப் பிறகு அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால், இ எகரமாகிறது, உ ஒகரமாகிறது. இந்த விதியை நம் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளை பிசகாமல் பின்பற்றுகிறது. இது தெரிந்த ஆசிரியர் என்ன செய்வார்? "கொடி என்று காதில் விழுந்தால் பயமில்லாமல் கொடி என்றே எழுது. கொட, எட, ஒட என்று விழுந்தால் மட்டும் ஒரு நிமிஷம் நின்று யோசி" என்பார். சந்தேகப்பட வேண்டிய சொற்கள் பத்தில் இரண்டாகக் குறைந்துவிட்டன. மிச்ச எட்டில் பிள்ளைக்குத் தன் காதின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

'காத்து' கதையும் அப்படியே. எழுத்தில் ற்ற, பேச்சில் த்த. நேற்று நேத்து, ஆற்றில் ஆத்துல, சோற்றில் சோத்துல. ஆனால் பத்து, முத்து, கத்தி எல்லாம் எழுத்திலும் த்ததான். எந்த த்தவுக்கு ற்ற போடுவது? உருபைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். ஆத்துல என்பதைக் கழற்றினால் ஆறு. சோத்துல, சோறு. வயித்துல, வயிறு. 'று' வெளியே வந்தால் ற்ற. மரத்துல என்பதைக் கழற்றினால் மரம், று இல்லை, ஆகவே த்த. கற்றான் போன்றவற்றுக்கு 'கல்' என்ற வேரைத் தேடு. மிஞ்சுவது காற்று, நேற்று மாதிரி சில சொற்கள். அவற்றை மட்டும் மனப்பாடம் செய். இதைச் சொல்லிக்கொடுத்த வாரம் ஒரு பெண் குழந்தை 'பற்று ரூபாய்க்குப் பேனா வாங்கினேன்' என்று எழுதினாள். வங்கிக்காரர்கள் மகிழ்ந்திருப்பார்கள்.

அதைப் பார்த்து எனக்கும் மகிழ்ச்சிதான். முன்பாக இருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன். பிட் கார்டர் என்ற ஆங்கில மொழியியலார் 1967இல் ஒரு கட்டுரை எழுதினார். கற்பவரின் பிழை என்பது அவர் மனத்துக்குள் எந்த விதி உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதற்குச் சாட்சி என்பது அதன் சாரம். 'பத்து' என்று சரியாக எழுதிவந்த பிள்ளை 'பற்று' என்று எழுத ஆரம்பித்தால் அவள் பின்னுக்குப் போகவில்லை. த்தவுக்குப் பின்னால் ஒரு ற்ற ஒளிந்திருக்கலாம் என்று புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறாள். எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. நான் பிறகு சொல்வதாகச் சொன்ன 'பள்ழி' பையனும் அதேதான். கையில் புதிதாகச் சுத்தியல் கிடைத்தவன் கண்ணில் பட்டதையெல்லாம் தட்டிப் பார்ப்பான், நாலு நாள்.

இப்போது நான் ஓய்வு பெற்ற பிறகு நடக்கிற கதை. இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும், பத்துப் பதினைந்து வருடத்தில் நம் பக்கம் எப்படி மாறிவிட்டது என்று. பைபாஸ் ஓரத்துக் கிடங்குகள், பட்டறைகள், கட்டட வேலை, அந்தப் பக்கம் ஆவடி, அம்பத்தூர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் குடும்பத்தோடு வந்து இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் நம் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கின்றன. நான் மாலையில் ஒரு மாடியில் பாய் விரித்து அவர்களில் பத்துப் பேருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரே பாய், ஒரே புத்தகம். ஆனால் மூன்று வகுப்பு.

பீகாரிலிருந்து வந்த பெண் ஒருத்தி எழுதினாள்: 'அம்மா ஒரு பேட்டி வாங்கினாங்க.' அம்மா நிருபர் இல்லை. இரும்புப் பெட்டி வாங்கியிருக்கிறார். எடுத்தேன் என்பதை 'ஏடுத்தேன்' என்றும், கொடு என்பதைக் 'கோடு' என்றும் அவள் எழுதுவாள். கவனக்குறைவா? இல்லை. அவள் வீட்டு மொழியில் ஏகாரமும் ஓகாரமும் உண்டு, அவற்றுக்கு எதிர்நிற்கும் குறில் எகரமும் ஒகரமும் கிடையாது. அவளுடைய காதுக்குப் பெட்டியும் பேட்டியும் ஒன்று, நமக்கு வெந்நீரின் நவும் பன்னீரின் னவும் ஒன்றாக இருப்பது மாதிரி. அவளிடம் "நெடில் இல்ல, குறில்" என்று நூறு முறை சொன்னாலும் என்ன ஆகும்? கேட்காத வித்தியாசத்தை எப்படி எழுதுவாள்?

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒடியாப் பையனுக்கும் இந்த எகரச் சிக்கல் உண்டு. ஆனால் அவனுக்கு ளகரம் தண்ணீர் பட்ட பாடு, ஏனென்றால் ஒடியாவில் ளகரம் இருக்கிறது. பீகார்ப் பெண்ணுக்கு அது கடினம். ஆந்திரப் பையனுக்குக் குறில் எகரமும் உண்டு, ளகரமும் உண்டு. ழகரம் ஒன்றுதான் புதிது. ஒரே சொல்வதெழுதுதலில் மூவரும் ஆறு மதிப்பெண் வாங்குகிறார்கள். மூவருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்தால் இருவருடைய நேரம் வீண்.

ராபர்ட் லாடோ என்ற அமெரிக்கர் 1957இல் வெளியிட்ட ஒரு நூலில், தாய்மொழியையும் கற்கும் மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே இடறுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றார். கொஞ்சம் மிகையான நம்பிக்கை அது. பிள்ளைகள் அவர் சொல்லாத இடங்களிலும் இடறினார்கள், சொன்ன இடங்களில் இடறாமலும் போனார்கள். ஆனால் ஒலிகளைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு இன்றும் பெருமளவுக்குச் சரியாக வருகிறது என்பது என் பாய் வகுப்பு அனுபவம்.

இன்னொன்று. இந்தி எழுத்தில் ககர வரிசையில் நாலு எழுத்து, தமிழில் ஒன்று. "ஸார், இது எப்படிப் படிக்கணும், கல்லுல ஒரு மாதிரி, தங்கத்துல ஒரு மாதிரி, அகத்துல ஒரு மாதிரி?" என்று பிள்ளைகளின் தந்தை ஒருவர் கேட்டார். நம்மில் பலர் என்ன சொல்வோம்? "பழகப் பழக வந்துடும்." அது பதில் இல்லை, தப்பித்தல். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதை ஒழுங்காகவே சொல்லிவிட்டார். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி: கல், பக்கம். மெல்லினத்துக்குப் பின் காந்தியின் காவுக்குரிய ஒலி: தங்கம், பங்கு. இரண்டு உயிருக்கு நடுவில் தளர்ந்து ஹகரத்தை ஒட்டி: அகம், முகம். த, ப, டவுக்கும் ஏறக்குறைய இதே கதை. பஸ், பல்பு, பீரோ போன்ற வந்தேறிச் சொற்கள் மட்டும் இதை மீறும். ஆனால் அந்தச் சொற்கள் அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அவர் பிடித்துக்கொண்டார். அடுத்த நாள் வழியெல்லாம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்ததாகச் சொன்னார். நம் எழுத்தில் குறை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவர், அதில் ஒரு சிக்கனம் இருக்கிறது என்று புரிந்துகொண்டார்.

ஒன்றில் இந்தி பேசும் பிள்ளைகள் தமிழ் படிக்க வரும் மற்றவர்களைவிட முந்தி நிற்கிறார்கள். 'அவன்', 'மரம்' என்று பேச்சில் சொல்லும்போது கடைசி மெய் தேய்ந்து உயிர் மூக்கொலியாகிவிடுகிறதே, அதை வெள்ளைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வாரக்கணக்கில் ஆகும். இந்தி பேசும் பிள்ளைக்கு மூக்கொலி உயிர் வீட்டுச் சொத்து. முதல் நாளே வந்துவிடும்.

பிள்ளைக்கு ஏற்பப் பயிற்சியை மாற்றும் எண்ணம் அரசுக்கும் உண்டு. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தை 2022 ஜூன் 13 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கிவைத்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று வயதைப் பார்க்காமல் எட்டியிருக்கும் நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் முறை. நல்ல முறை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலின் அட்டைகளும் ஏணிப்படியும் இதற்கு முன்னோடி. என் ஆசை எல்லாம், அரும்பு என்று எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் 'வீட்டில் என்ன மொழி' என்று ஒரு கட்டம் இருந்து, ஆசிரியர் அதைப் பார்த்துப் பயிற்சியை மாற்ற வேண்டும் என்பதுதான். இதே மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் ஒடியாப் பிள்ளைகளுக்கு ஒடியாப் புத்தகத்தை வைத்தே பாடம் நடத்திய வகுப்புகள் உண்டு. நமக்கு இது புதிதல்ல.

சரி, வேறு மொழிப் பிள்ளை இருக்கட்டும். தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டு மொழியும் பள்ளி மொழியும் ஒன்றா? 'வந்துக்கிட்டு இருக்காங்க' என்று கேட்டு வளர்ந்த குழந்தையிடம் முதல் நாளே 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்கிறோம். தொல்காப்பியப் பாயிரமே வழக்கு, செய்யுள் என்று இரண்டாகச் சொல்கிறது. மொழியியலார் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இந்த இரட்டை வழக்குக்கு ஒரு கலைச்சொல் தந்து உலகப் பொருளாக்கினார். தமிழைப் பற்றி பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் ஒரு முழு நூலே எழுதினார். ஆராய்ச்சிக்குக் குறைவில்லை. வகுப்புக்குள் என்ன நடந்தது என்று கேட்டால், சிங்கப்பூரைப் பார்க்க வேண்டும். வீட்டில் ஆங்கிலம் பேசும் தமிழ்ப் பிள்ளைகள் பெருகிய ஊர் அது. பள்ளியில் எழுத்துத் தமிழ் மட்டும் படித்த பிள்ளை, பாட்டியிடம் போய் 'நீங்கள் உணவு உண்டீர்களா' என்று கேட்டால் பாட்டி என்ன செய்வார்? பேச்சுத் தமிழையும் வகுப்பில் முறையாகக் கற்பிக்க வேண்டும் என்று 2005இல் அங்கே பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்தது. கொச்சை வேறு, படித்தவர்கள் பொதுவில் பேசும் நல்ல பேச்சுத் தமிழ் வேறு என்று பிரித்து, பின்னதை வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். இங்கே அப்படிச் சொன்னால் தமிழைக் கெடுக்க வந்தவன் என்பார்கள். என்னைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மேலதிகாரி, என் வகுப்பில் கரும்பலகையின் இடது பக்கம் பேச்சும் வலது பக்கம் எழுத்துமாக எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "இடது பக்கத்தை அழிங்க" என்றார். அழித்தேன். அவர் போனதும் மறுபடி எழுதினேன்.

நம் ஊருக்கு அருகிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளியை எல்லோருக்கும் தெரியும். அங்கே பிள்ளைகள் விரலால் படிப்பது பாரதி பிரெய்ல், 1951இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக ஏற்றுக்கொண்ட முறை. நாம் அச்சில் 'கெ' எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, ககரம் பிறகு. 'கொ' எழுதினால் முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு, நடுவில் மாட்டிக்கொண்ட ககரம். ஒலியோ ககரத்தில் தொடங்கி ஒகரத்தில் முடிகிறது. பிரெய்லில் அப்படியே வரும், முதலில் க, அடுத்து ஒ. மெய்யெழுத்துக்கு இன்னும் அழகு. புள்ளியைக் குறிக்கும் அடையாளம் எழுத்துக்கு முன்னாலேயே வந்துவிடும், வருவது மெய் என்று விரலுக்கு முன்னறிவிப்பு. ஒன்றாம் வகுப்பில் சில பிள்ளைகள் கொம்பைக் ககரத்துக்குப் பின்னால் போட்டுவிட்டுத் திட்டு வாங்குகிறார்களே, அவர்கள் ஒலி வரிசையில் எழுதுகிறார்கள். பிரெய்லாக இருந்தால் முழு மதிப்பெண்.

247 எழுத்து என்று பயமுறுத்துகிறோமே, அதிலும் இப்படித்தான். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். ஆகார, இகர, எகர வரிசைக் குறிகள் ஒழுங்கானவை, அவற்றை ஒரு முறை பிடித்துக்கொண்டால் போதும். 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, லை, ளை போன்றவற்றையும் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. ஒழுங்குக்கு வராதவை உகர, ஊகார வரிசைகள், 36 எழுத்து. வா.செ. குழந்தைசாமி இவற்றையும் மாற்றலாம் என்று வாதாடினார். மாற்றுவது பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் பிள்ளை எங்கே அதிக நாள் செலவிட வேண்டும் என்று அந்த வாதம் காட்டிக்கொடுத்தது. கு, டு, து, பு, ரு. அங்கே நில்லுங்கள், கி, சி, டியில் நிற்காதீர்கள்.

மொழியியலைப் புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று நினைக்க வேண்டாம். மொழியியலாளர்கள் வகுப்பறையில் செய்த அட்டகாசமும் உண்டு. ஒரு காலத்தில் வாக்கிய அமைப்பை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கவைத்தால் மொழி வந்துவிடும் என்றார்கள். நான் பயிற்சி பெற்ற இடத்தில் மொழி ஆய்வுக்கூடம் என்று ஓர் அறை இருந்தது. காதில் மாட்டும் கருவிகள் பாலிதீன் உறையோடு தொங்கின. சாவி எப்போதும் யாரிடமோ இருக்கும். அந்த முறைக்கு எதிராக நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒருவர் கிளம்பினார். என். எஸ். பிரபு, சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் போன்ற ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஓர் ஆங்கில வகுப்பு நடத்திப் பார்த்தார்கள். இலக்கணப் பட்டியலே கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கையில் கொடுத்து, இந்த வண்டியைப் பிடித்தால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவாய் என்பார்கள். வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பார்கள். பிள்ளையின் கவனம் கணக்கில் இருக்கும், ஆங்கிலம் பக்கவாட்டில் உள்ளே போகும். உலகம் முழுவதும் இன்று செயல்பாட்டு வழி மொழிக் கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் பெங்களூர்த் திட்டம் என்று இதைச் சொல்லாமல் தொடங்குவதில்லை. 1987இல் அவர் நூலாகவும் எழுதினார்.

பிரபுவைப் படித்தபோது எனக்கு ஒரு குழப்பம் வந்தது. இலக்கணமே சொல்லாமல் கற்பிக்கலாம் என்றால் எனக்கு மொழியியல் எதற்கு? கொஞ்ச நாள் கழித்துத்தான் தெளிந்தது. பிள்ளைக்கு அது வேண்டாம். 'ஒலியன்', 'மாற்றொலி' என்ற சொற்களை நான் இதுவரை எந்த வகுப்பிலும் உச்சரித்ததில்லை. வைத்தியர் நாடி பார்க்கிறார், நோயாளிக்கு நாடி சாஸ்திரம் சொல்லிக்கொடுப்பதில்லை. கு. பரமசிவத்தின் 'இக்காலத் தமிழ் மரபு', நுஃமானின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்', 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இந்த மூன்றும் ஆசிரியர் மேசையில் இருந்தால் போதும். பிள்ளையின் பையில் வேண்டாம், ஏற்கெனவே அது கனம்.

பேட்டி வாங்கிய அம்மாவின் மகளை விட்டுவிட்டு வந்துவிட்டேன். அவளுக்கு நான் குறில் நெடில் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் எழுதவே விடவில்லை. நான் சொல்வேன், அவள் கையைச் சொடுக்க வேண்டும். எடு, ஒரு சொடுக்கு. ஏடு, இரண்டு. கொடு, ஒன்று. கோடு, இரண்டு. மாத்திரையைக் கைநொடியால் அளந்தவர்கள் நம் இலக்கணக்காரர்கள், நான் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. முதல் மூன்று நாள் பாதிக்குப் பாதி தப்பு, அதாவது குருட்டாம்போக்கு. நாலாம் நாள் சுமாராகத் தேறினாள். இரண்டாம் வாரம் பாயில் இருந்த மற்றவர்களுக்கு அவளே வாத்தியார் ஆகி, பெட்டி, பேட்டி என்று மாறி மாறிச் சொல்லி ஒடியாப் பையனைச் சொடுக்கவைத்தாள்.

பிறகு சொல்வதெழுதுதல் வைத்தேன். பத்துச் சொல். பெட்டி சரி. எடுத்தேன் சரி. கொடு சரி. ஏழாவது சொல் ஏணி. அவள் 'எணி' என்று எழுதியிருந்தாள். வந்த நாள் முதல் ஏகாரத்தில் அவள் தப்பியதே இல்லை, இதுதான் முதல் தடவை. பையில் சிவப்புப் பேனா இருந்தது. அதை எடுக்காமல், நோட்டின் ஓரத்தில் பென்சிலால் அன்றைய தேதியை மட்டும் போட்டுக் கொடுத்தேன்.